அம்பாசடரின் ஸ்டீயரிங் குழாயை டேஷ்போர்டிலிருந்து விடுவித்தபோது

என் தகப்பனார் வைத்துவிட்டுப் போன 1978ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 3, பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்குப் போகும்போதெல்லாம் ஆலங்குளம் தாண்டியதும் ஸ்டீயரிங் பக்கம் கடகடவென்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. சமமான சாலையில் ஒன்றும் கேட்காது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் உள்ளங்கையிலேயே தட்டும். முன்சக்கர இணைப்புகளில் ஆட்டம் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, வண்டியை நிறுத்தி ஸ்டீயரிங் வீலை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தபோதுதான் குறை டேஷ்போர்டுக்கு அருகில் இருப்பது புலப்பட்டது. வீலிலிருந்து இறங்கும் தண்டு ஒரு குழாய்க்குள் சுழல்கிறது. குழாயின் மேல்முனையில் அந்தத் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருந்தது.

புஷ்ஷை மட்டும் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வண்ணார்பேட்டையில் பழைய வண்டிகளையே பார்த்துப் பழகிய அண்ணாச்சி ஒருவர் தடுத்தார். “புஷ்ஷ மட்டும் மாத்துனா ஆறு மாசத்துல திரும்பத் தேயும் தம்பி. குழாய டேஷ்போர்டுல இருந்து விட்டுப் பாருங்க, அது எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியும்” என்றார்.

அம்பாசடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த வண்டி. என்னுடையதில் கியர் கம்பியும் ஸ்டீயரிங் குழாயை ஒட்டியே இருப்பதால், குழாயை அசைப்பதற்கு முன் கழற்ற வேண்டியவை கூடுதல். பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் எடுத்தேன். ஹாரன் ஒயர் தண்டோடு வருகிறது என்பதால் இதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு ஒயரிலும் காகித ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டினேன். நாற்பது ஆண்டுக்கு மேலான ஒயர்களில் பச்சையும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன.

வீலைக் கழற்றும்போது பலர் செய்யும் தவறு, நடு நட்டைத் தளர்த்திவிட்டுத் தண்டின் நுனியில் சுத்தியலால் அடிப்பது. அந்த அடி மரையைச் சிதைப்பதோடு, தண்டின் வழியே கீழே இறங்கி, சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டமான ராக்கோடு பொருந்தியிருக்கும் பினியன் என்ற சிறு பற்சக்கரம் வரை போகும். மோதலின்போது மடங்கும் ஸ்டீயரிங் அமைப்பை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 மாடல் கார்களில் கொண்டுவந்தது. அத்தகைய வண்டிகளில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் ஊசிகள் ஒரே அடியில் முறிந்துவிடும். நான் வீலை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரை மாட்டி மெல்ல இறுக்கினேன். அதற்கு முன்பே வீலிலும் தண்டிலும் ஒரே கோட்டில் அடையாளம் கீறியிருந்தேன்.

பிறகு டேஷ்போர்டின் அடியில் மல்லாந்து படுத்து, குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தினேன். இவை அங்குல அளவு போல்ட்டுகள். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் தலை உருண்டுவிடும். இரண்டாவது போல்ட் விட்டதும், நான் கையால் தாங்கிக்கொண்டிருந்தும், குழாய் டக்கென்று இடப்பக்கமாக ஒரு விரல் அகலம் விலகி நின்றது. அண்ணாச்சி சொன்னது இதைத்தான். முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில், கிளாம்ப்புக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே இருக்க வேண்டிய வாசர்களை விட்டுவிட்டு, போல்ட்டை இறுக்கியே குழாயை வலப்பக்கம் இழுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தண்டின் கீழ்முனை தன் இடத்தில் நிலையாக இருக்க, குழாய் மட்டும் ஒரு பக்கம் இழுபட்டதால், தண்டு வருடக்கணக்கில் புஷ்ஷின் ஒரே ஓரத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்: ஒரு பாதி புதிதுபோல் இருந்தது, மறுபாதியில் பிறை வடிவில் நகக்கண் ஆழத்துக்குப் பள்ளம்.

அதைப் பார்த்தபோது மனம் வருந்தியது. இரண்டு வாசர்களுக்கான அரை நிமிட வேலை அது.

புதிய புஷ்ஷுக்கு கிரீஸ் தடவிப் பொருத்திய பின், கிளாம்ப்பை இறுக்காமல் குழாயைத் தானாக நிற்கவிட்டு, அது நின்ற இடத்துக்கும் டேஷ்போர்டுக்கும் உள்ள இடைவெளியை வாசர்களால் நிரப்பினேன். இடப்பக்கம் இரண்டு தேவைப்பட்டன, வலப்பக்கம் ஒன்றே போதுமாக இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இரு கோடிவரை வீலைத் திருப்பிப் பார்த்துவிட்டே போல்ட்டுகளை முழுவதும் இறுக்கினேன். இறுக்கிய பிறகும் திருப்பம் முன்போலவே இலகுவாக இருந்தது. கியர் இணைப்புகளைச் சரிபார்ப்பதில் மறுநாள் காலை கழிந்தது.

அந்த வார இறுதியில் தென்காசி வரை ஓட்டினேன். ஆலங்குளத்துக்கு அப்பால் வழக்கமாக ஒலி கிளம்பும் இடங்களில் வேகத்தைக் குறைக்காமலே போனேன்; பாவூர்சத்திரம் தாண்டி, சாரல் கண்ணாடியில் விழத் தொடங்கும்வரை வீல் ஒருமுறைகூடக் கையில் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் மீண்டும் அடியில் படுத்து ஸ்பேனரை வைத்துப் பார்த்தேன். இடப்பக்க போல்ட் கால் சுற்று ஏற்றது, வலப்பக்கத்தது அசையவில்லை.