இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எப்படி?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். இது பிடிபட்டுவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் இயற்பியலைப் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். பிடிபடாவிட்டால் மூன்று விதிகளையும் மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, கணக்கு வரும் இடத்தில் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள். மதுரையிலும் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் மாலை வகுப்பு எடுத்து வருவதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுத் தொடங்கக் கூடாது. பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நம்புகிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அவர்கள் நம்புவது இதுதான்: தள்ளினால் நகரும், தள்ளுவதை விட்டால் நின்றுவிடும், ஆகவே நகர்கிற எதற்கும் விசை இருந்துகொண்டே இருக்க வேண்டும். அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் எண்ணினார் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளின் கூச்சம் போய்விடும். இதை மாற்ற ஒரு கேரம் பலகை போதும். பவுடர் போடாத பலகையில் ஸ்ட்ரைக்கரை மெல்லச் சுண்டச் சொல்லுங்கள், பாதியிலேயே நின்றுவிடும். பவுடர் தூவி அதே அளவு சுண்டச் சொன்னால் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வரும். விரல் விலகிய பிறகு இரண்டு முறையும் அதைத் தள்ள யாரும் இல்லை. அப்படியானால் முதல் முறை அதை நிறுத்தியது எது என்று கேட்டால், உராய்வு என்ற பதில் கடைசி பெஞ்சிலிருந்தும் வரும். உராய்வே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற அடுத்த கேள்விக்கு, நிற்காமல் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவர்களே சொல்லும் விடைதான், 1687-இல் வெளியான பிரின்சிபியா நூலில் நியூட்டன் எழுதிய முதல் விதி.

இரண்டாம் விதியில் அதிகம் தங்க வேண்டியதில்லை. உந்தம் (நிறை பெருக்கல் திசைவேகம்) மாறும் வீதமே விசை என்பதைச் சொல்லி, நிறை மாறாதபோது அது நிறை பெருக்கல் முடுக்கம் ஆகிறது என்று காட்டி, நான்கைந்து கணக்குகள் போட வைத்தால் போதும்.

பிள்ளைகள் உண்மையில் திணறுவது, ஒவ்வொரு செயலுக்கும் அதற்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்கிற மூன்றாம் விதியில். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வருவதைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை என்பதால் நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். வடம் பிடிப்பவர்கள் தேரை எவ்வளவு விசையோடு முன்னே இழுக்கிறார்களோ, அவ்வளவு விசையோடு தேரும் வடத்தின் வழியாக அவர்களைப் பின்னே இழுக்கிறது. உடனே நன்றாக யோசிக்கிற ஒரு பிள்ளை, “அப்படியென்றால் இரண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடுமே, தேர் எப்படி சார் நகரும்?” என்று கேட்கும். யாரும் கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்க வேண்டும், ஏனென்றால் பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விடையைச் சொல்லாமல் படமாக வரைய வைப்பதே நல்லது. முதலில் தேரை மட்டும் வரைந்து, அதன் மீது செயல்படும் விசைகளை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்: முன்பக்கம் வடத்தின் இழுப்பு, பின்பக்கம் உராய்வு, கீழ்நோக்கி எடை, மேல்நோக்கித் தரையின் தாங்கல். வடத்தின் இழுப்பு உராய்வை மிஞ்சும் கணத்தில் தேர் அசைகிறது. பிறகு வடம் பிடிக்கும் ஒருவரை மட்டும் தனியாக வரைய வேண்டும். அவரை வடம் பின்னே இழுக்கிறது. அவர் காலால் தரையைப் பின்னே தள்ளுவதால் தரை அவரை முன்னே தள்ளுகிறது. உடலைச் சாய்த்துக் காலை ஊன்றி இழுப்பதும், ஈரத்தரையில் கால் வழுக்கினால் இழுக்க முடியாமல் போவதும் இதனால்தான். செயலும் எதிர்ச்செயலும் இரண்டு வெவ்வேறு பொருள்களின் மீது செயல்படுகின்றன, ஆகவே ஒன்றையொன்று கழிக்கவே முடியாது என்பது இந்த இரண்டு படங்களையும் தன் கையால் வரைந்த பிள்ளைக்கு மறக்காது. எந்த விசையைக் குறித்தாலும் “எது எதன் மீது?” என்று கேட்கும் பழக்கத்தை இங்கேயே ஏற்படுத்திவிட வேண்டும்.

அதே கேள்வி ஈர்ப்புக்கும் வழி திறந்துவிடும். தேரின் எடைக்கு எதிர்விசை எது என்று கேட்டால் தரையின் தாங்கல் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். பல வழிகாட்டி நூல்களைப் படித்த பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். எடை என்பது பூமி தேரின் மீது செலுத்தும் ஈர்ப்பு விசை. ஆகவே அதன் இணை, தேர் பூமியின் மீது செலுத்தும் ஈர்ப்பு விசை. பூமியின் நிறை ஏறத்தாழ 6-க்குப் பின் 24 சுழிகள் போட்ட கிலோகிராம் என்பதால் அந்த விசையால் ஏற்படும் முடுக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கனமான பொருள்தான் முதலில் விழும் என்ற எண்ணத்தைப் போக்க, நோட்டுப் புத்தகத்தின் மேல் அதைவிடச் சிறிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்து விடுங்கள், காகிதம் பின்தங்காது. அடுத்து நிலவுக்குப் போகலாம். பூமியின் மையத்திலிருந்து நிலவு இருக்கும் தொலைவு பூமியின் ஆரத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், அங்கே பூமியின் ஈர்ப்பு 60 × 60, அதாவது 3600-இல் ஒரு பங்கு. இங்கே கையிலிருந்து விட்ட கல் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழுகிறது. நிலவோ ஒவ்வொரு விநாடியும் பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடிக்கொண்டே, நேர்கோட்டிலிருந்து பூமியை நோக்கி 1.36 மில்லிமீட்டர் விழுகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு முடிக்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் எடுக்கலாம். விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்று நினைப்பவர்களுக்கு, 400 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 8.7 மீ/வி² இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மாட்டுத்தாவணி மல்லிகைப் பூவை நிலவுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வேன். இங்கே ஒரு கிலோ நிறுத்த பூ, அங்கே எடைக்கற்கள் வைத்த தட்டுத் தராசில் ஒரு கிலோவாகவே நிற்கும். இங்கிருந்து கொண்டுபோன எலெக்ட்ரானிக் தராசு ஏறத்தாழ 165 கிராம்தான் காட்டும்.

தேர்வைப் பொறுத்தவரை மதிப்பெண் போவது பெரும்பாலும் அலகில். மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தால் அதை 20 மீ/வி என மாற்றி எழுதிய பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும்; எடையை நியூட்டனிலும் நிறையைக் கிலோகிராமிலும் எழுத வேண்டும். மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால், எந்தப் பொருள் எந்தப் பொருளின் மீது விசை செலுத்துகிறது என்று இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.