‘கோஸ்ட்’ என்றால் கடற்கரை அல்ல

இலங்கை மலையகத் தோட்டங்களைப் பற்றிய பழைய ஆங்கிலப் பத்திரிகைச் செய்திகளைத் தமிழாக்க உட்காருகிறவர்கள் ‘கூலி’ என்ற சொல்லில் கவனமாக இருப்பார்கள். சறுக்குவது ‘கோஸ்ட்’ (Coast) என்ற சாதாரணச் சொல்லில்தான். சிலோன் ஒப்சேவர், டைம்ஸ் ஒஃப் சிலோன் காலத்துத் தோட்டச் செய்தியில் ஆட்கள் கோஸ்டுக்குப் போய்விட்டார்கள் என்று வந்தால், அவர்கள் போனது தென்னிந்தியாவுக்கு. ‘கடற்கரைக்கு’ என்று எழுதினால், மலையை விட்டு நீர்கொழும்புப் பக்கம் இறங்கினார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கிலத்தில் சோழமண்டலக் கரையைக் ‘கோஸ்ட்’ என்று மட்டுமே சொல்லிவந்தார்கள். அந்த வழக்கம் இங்கே தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் வாயிலும் அவர்கள் படித்த பத்திரிகையிலும் தங்கிவிட்டது. ஆனால் ஆட்கள் வந்தது திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து. சேலத்தில் கடல் ஏது? ஆள்திரட்டும் ‘கோஸ்ட் ஏஜென்சி’யின் தலைமை அலுவலகமே திருச்சியில்தான் இருந்தது.

மிகக் கவனமாகக் கையாள வேண்டியது ‘கோஸ்ட் அட்வான்ஸ்’. ‘முன்பணம்’ என்று போட்டால் அகராதிக்குச் சரி, விஷயத்துக்குப் போதாது. ஆட்களைத் திரட்டி மேய்க்கும் பெரிய கங்காணியிடம் துரை பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்குப் போய் ஆட்களின் பழைய கடனை அடைப்பார், வழிச்செலவு பார்ப்பார், கூட்டிவருவார். செலவழித்தது எல்லாம் ஆட்கள் தலையில் கடனாக ஏறும். தோட்டக் கணக்கில் கங்காணி பேரில் ஒரே தொகையாக நிற்கும். கூட்டம் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் துரை ‘துண்டு’ என்ற சீட்டு எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு தொகையைக் கட்டினால் இத்தனை பேரை விடுவேன் என்று. புதுத் தோட்டம் அதைக் கட்டும். கடன் தீராது, கூடவே போகும். அதனால் ‘ஆள்பிடிக்கக் கொடுத்த கடன்’ என்று விரித்து எழுதுவதே நல்லது. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆகவே செய்தியின் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் காண ஒரு வழி உண்டு. தோட்டச் செய்தியில் முதலெழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக, முன்னால் ‘த’ (the) சேர்ந்து வந்தால் அநேகமாகத் தென்னிந்தியா. கப்பல் செய்தியில் சிறிய எழுத்தில் வந்தால் கரையோரம். எழுத்துணரி மென்பொருளில் எடுத்த பிரதியை மட்டும் நம்பக் கூடாது. தேய்ந்த அச்சில் ‘கோஸ்ட்’டின் நடு எழுத்து விட்டுப்போனால் விலையைக் குறிக்கும் ‘கொஸ்ட்’ (cost) ஆகிவிடும். அதுவும் சரியான ஆங்கிலச் சொல் என்பதால் எழுத்துப்பிழை திருத்தி கண்டுகொள்ளாது. ‘கொஸ்ட் அட்வான்ஸ்’ என்று கண்டால் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

தமிழில் என்ன போடுவது? ‘தமிழ்நாடு’ அந்தக் காலத்துக்கு ஒட்டாது. ‘மதராஸ் மாகாணம்’ என்றால் தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை விடுபட்டுப்போகும். ‘தென்னிந்தியா’ பிழையில்லாதது. ஆனால் அதே செய்தியில் ஊரோ தாலுகாவோ இருந்தால் அதையே எழுத வேண்டும். 1900களின் தொடக்கத்தில் ஆட்களுக்கு அடையாளமாக வந்த தகர வில்லையில் கூடத் தோட்டத்தின் குறியீடுதான் பொறித்திருந்தது, கழுத்தில் அதைக் கட்டிக்கொண்டு வந்தவரின் ஊர் அல்ல. துரைமாருக்கு அந்த ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ‘கோஸ்ட்’. அந்த ஊர்க்காரர்களுக்கோ இந்த மலை முழுவதும் கண்டிச்சீமை.