நாக்கை நீட்டச் சொன்ன டாக்டர்

மகனுக்கு ஏழு வயதில் கழுத்தின் நடுவில், குரல்வளைக்குச் சற்று மேலே, பட்டாணி அளவில் ஒரு வீக்கம் வந்தது. வலி இல்லை. சளி பிடித்தால் பெரிதாகும், அப்புறம் வற்றிவிடும். மாமியார் "நெறி கட்டியிருக்கு" என்று சுண்ணாம்பு தடவினார். பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கிலும் அதையேதான் சொல்லி இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் முறை தோல் சிவந்து காய்ச்சலோடு போனபோது கீறிச் சீழை எடுத்துவிட்டார்கள். ஆறே வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் வீங்கி, நடுவில் சின்ன ஓட்டை விழுந்து, பிசுபிசுவென்று நீர் கசிந்தது.

அதற்குப் பிறகுதான் கடிதம் வாங்கிக்கொண்டு, ஃபெர்ரி ஏறி, பினாங்குத் தீவுக்குப் போய் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தோம். காலை முழுக்கக் காத்திருந்தது தனிக்கதை. அந்த மலாய்ப் பெண் டாக்டர் வீக்கத்தின் மேல் விரலை வைத்து "ஜெலிர்கான் லிடா", நாக்கை நீட்டு, என்றார். இவன் நாக்கை நீட்டியதும் கட்டி மேலே ஏறியது. அவ்வளவுதான், பாதி நோய் தெரிந்துவிட்டது. நெறிக்கட்டு அப்படி ஏறாதாம்.

தைரோகுளோசல் சிஸ்ட், ஒரு பிறவி நீர்க்கட்டி. கருவில் தைராய்டு அடிநாக்கில் உருவாகி கழுத்துக்கு இறங்கி வருகிறது. வந்த வழி மூடிப்போக வேண்டும், இவனுக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தது கட்டிக்காக மட்டும் இல்லை, தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும்தான். சிலருக்கு அந்தக் கட்டியே உடம்பில் உள்ள ஒரே தைராய்டாக இருக்குமாம், தெரியாமல் எடுத்தால் ஆயுளுக்கும் மாத்திரை. கழுத்தின் பக்கவாட்டில் வரும் பிறவிக் கட்டி வேறு வகை. நாற்பது தாண்டியவர்களுக்குப் பக்கவாட்டில் புதிதாக வந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது என்றும் சொன்னார், என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டே.

ஆபரேஷன் பெயர் சிஸ்ட்ரங்க், 1920-இல் எழுதப்பட்ட முறை. நாக்குக்குக் கீழே குதிரை லாடம் போல இருக்கும் ஹையாய்டு எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுப்பார்கள் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பட்டாணிக்கு எலும்பையா? அந்தப் பழைய வழி எலும்பை ஒட்டியே போகிறது, கட்டியை மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்குத் திரும்ப வரும் என்றார். எலும்போடு எடுத்தால் நூற்றில் ஐந்து பேர் பக்கம்தான். ஏற்கெனவே கீறிச் சீழ் எடுத்த கழுத்துக்கு அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்றபோது கிளினிக்கை நினைத்து வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சீழ் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் செய்தார்கள். தோல் மடிப்பிலேயே வெட்டு, ஓட்டையையும் சுற்றி எடுத்தார்கள். ஒரு நாள் ரத்தம் வடிய டியூப், இரண்டு நாள் கஞ்சி. விழுங்கப் பயந்தவன் ஐஸ்கிரீமுக்கு மட்டும் பயப்படவில்லை. பேச்சு மாறவில்லை. எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவும் சாதாரண சிஸ்ட் என்றே வந்தது.

இப்போது அடிக்கடி "கழுத்து வலிக்குதும்மா" என்கிறான். எங்கே என்றால் இடத்தைக் காட்டத் தெரியவில்லை. ஃபெர்ரி எப்போது என்று மட்டும் கேட்கிறான்.