தாலி கட்டுவது இல்லாத கல்யாண வீடியோ

போன தை மாதம் ஆரணியில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் என்று குரல் வந்ததுதான் தாமதம், ஒரு கையில் அட்சதையும் இன்னொரு கையில் செல்போனுமாகப் பாதி மண்டபம் எழுந்து மேடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. என் கேமராவில் வெறும் முதுகுகள். வேறு வழியில்லாமல் பக்கவாட்டில் திருப்பினேன். பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். கிடைத்தது அவ்வளவுதான். வீடியோவைக் கொடுக்கப் போனபோது பெண்ணின் தம்பி, "இன்னாண்ணா, தாலி கட்றதையே காணோம்?" என்றான். மீதிப் பணத்தில் ஐயாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

காட்பாடிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜப்பானிய இயக்குநர் டகேஷி கிடானோ ஞாபகம்தான். அவர் படத்தில் துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே போவான், நாம் வெளியே நிற்போம், அடுத்த ஷாட்டில் எல்லாம் முடிந்திருக்கும். முக்கியமானதைக் காட்டாமலே விட்டுவிடுகிற ஆள். என்ன, அவர் தெரிந்து விட்டார், நான் தெரியாமல் விட்டேன்.

ஆனால் அவரும் யாரிடமும் உதவி இயக்குநராக இருந்து கற்றவர் இல்லை. பெயின்டரின் மகன், பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவர். டோக்கியோவின் அசகுசாவில் ஒரு கேளிக்கை அரங்கில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே காமெடி பழகி, இரட்டையர் ஜோடியாக டிவியில் பெரிய பெயர் வாங்கினார். 1989-ல் 'வயலன்ட் காப்' படத்துக்கு நடிக்கத்தான் கூப்பிட்டார்கள். இயக்குவதாக இருந்த கின்ஜி ஃபுகசாகு விலகிக்கொள்ள, அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. அப்போது வயது 42. கேமரா பாட்டுக்கு அசையாமல் நிற்கும், ஆட்கள் நேராகப் பார்த்தபடி சும்மா நிற்பார்கள். சினிமாப் பள்ளியில் படித்து வந்த ஒருவர் அவ்வளவு நேரம் சும்மா விட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

நம்மவர்களுக்கு அவரை 'நந்தலாலா' வழியாகத்தான் தெரியும், மிஷ்கின் அதை எடுத்தது அவருடைய 'கிகுஜிரோ' படத்தை வைத்துத்தான் (கிகுஜிரோ என்பது கிடானோவின் அப்பா பெயர்). எனக்கு அதைவிடப் பிடித்தது 1991-ல் வந்த கடல் படம். காது கேட்காத, குப்பை அள்ளும் பையன் ஒருவன், யாரோ வீசிய உடைந்த அலைச்சறுக்குப் பலகையை எடுத்து ஒட்டி, தானே விழுந்து விழுந்து கற்றுக்கொள்வான். வசனம் மிகக் கொஞ்சம்.

1994-ல் பைக் விபத்தில் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது. உடம்பு தேறுகிற நாட்களில் படம் வரைய ஆரம்பித்தார், அந்த ஓவியங்கள் அவருடைய 'ஹனா-பி' படத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் போலீஸ்காரர் வரைந்தவையாக வரும். அது 1997-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் பெரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியது.

இப்போதெல்லாம் நான் இரண்டு கேமரா கொண்டுபோகிறேன். ஒன்று தாலிக்கு. இன்னொன்றை எங்கே வைப்பது என்று மண்டபத்துக்குப் போய், பெண்ணின் அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்த்த பிறகுதான் முடிவு.