கடவில் ஒரு செருமல்

குமரி மாவட்டக் குழித்துறைத் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் கடவில், அதாவது படித்துறையில், ஆண்கள் தோர்த்து என்னும் மெல்லிய துண்டு கட்டியும், பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் முடிந்தும் குளிப்பார்கள். கீழே யாரேனும் ஈரத்துணி மாற்றக்கூடும் என்பதால், வருபவர் மேல்படியிலேயே நின்று ஒருமுறை செருமுவார், "வரலாம்" என்ற குரல் கேட்ட பிறகே இறங்குவார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத அந்தச் செருமலை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கடந்த ஞாயிறு, அங்கே துணியின்றிக் குளித்த ஓர் இளைஞரை, இருவர் கைபேசியில் படமெடுத்துக்கொண்டே "போலீஸில் சொல்லி உள்ளே தள்ளிவிடுவோம்" என்று மிரட்டினார்கள். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294, நிர்வாணம் என்ற சொல்லைச் சொல்வதில்லை. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயலுக்கே மூன்று மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. நிர்வாணத்தையும் ஆபாசத்தையும் எப்போதும் ஒன்றாகக் கருத முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்துள்ளது.

ஆனாலும் பெண்களும் குழந்தைகளும் வரும் கடவில் அவர் அப்படி இறங்கியது தவறுதான். அளவுகோல் மட்டும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது: சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றியே நுழைகிறோம், அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்த இதே மண்ணில், 1859 அரச ஆணைக்கு முன்பு, மார்பை மறைக்கும் தோள்சீலை அணிந்ததற்காகவே நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள்.

இளைஞரிடம் அவருடைய தோர்த்தை எடுத்துக் கொடுத்தேன். உடனே கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். படமெடுத்தவர்களிடம் அதை அழிக்கச் சொன்னேன். ஒருவர் அழித்தார்.