கிரண்காவில் ஒரு நடை

மும்பை மேற்கு ரயில் பாதையில் லோயர் பரேலில் இறங்கி என்.எம். ஜோஷி சாலைக்கு வந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஆபீஸ் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் சங்குச் சத்தம் கேட்டு ஷிப்டுக்கு ஓடிய மில் தொழிலாளர்களின் சாலை இது. ஜோஷியே தொழிற்சங்கத் தலைவர்தான்.

பரேல், லால்பாக், வொர்லி எல்லாம் சேர்ந்ததுதான் கிரண்காவ், அதாவது மில்களின் ஊர். கொங்கண், சத்தாரா பக்கமிருந்து வந்தவர்கள் சால் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளின் சின்னச் சின்ன அறைகளில் கூட்டமாகத் தங்கி, இந்த நகரத்துக்கு நூல் நூற்றார்கள். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. மில்கள்தான் ஒவ்வொன்றாக மூடின.

பீனிக்ஸ் மில் இப்போது பெரிய மால். அதன் பழைய புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அதை இடிக்காமல் விட்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் மரபு என்றால் செங்கல் மட்டும்தானா?

மில் நிலம் ஏறக்குறைய 600 ஏக்கர். 1991 விதிப்படி அதில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு மாநகராட்சியிடமும், இன்னொரு பங்கு ஏழை எளியவர்களின் வீடுகளுக்கு வீட்டுவசதி வாரியத்திடமும் போக வேண்டும், மீதிதான் முதலாளிக்கு. நல்ல விதி. 2001இல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் இந்தப் பங்கீடு என்றார்கள். மில் வளாகத்தில் காலி இடம் எவ்வளவு இருந்துவிடப் போகிறது! 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பூங்காவாக வேண்டிய நிலத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தது இப்படித்தான்.

ஒரு ஆறுதல், பி.டி.டி. சால்கள். 1920களில் பிரிட்டிஷ் அரசின் பாம்பே டெவலப்மெண்ட் டைரக்டரேட் கட்டியவை. 160 சதுர அடி அறையில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களுக்கு அதே இடத்திலேயே 500 சதுர அடி வீடு என்பது திட்டம். புனரமைப்பு என்றால் இதைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து பிரபாதேவி நிலையம் வரை நடந்தேன். எல்பின்ஸ்டன் ரோடு என்று பெயர் இருந்த காலத்தில், 2017 செப்டம்பர் 29 அன்று, இங்கிருந்த குறுகலான நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன்பின் ராணுவம் வந்து சில மாதங்களில் புதுப் பாலம் கட்டிக் கொடுத்தது. கோபுரங்களுக்கு அனுமதி கொடுத்தபோதே அதைக் கட்டியிருக்க வேண்டும்.