ஜாக் என்பதும் அப்பப்பாவின் பெயர்தான்

பாரிஸில் வாழும் மச்சானுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஜாக் என்று பெயரிட்ட செய்தி யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, தம் பேரனுக்குத் தம்முடைய தகப்பனாரின் பெயர் இல்லாமற் போயிற்றே என்று மாமி மிகவும் வருந்தினார். அப்பப்பாவின் பெயர் சந்தியாப்பிள்ளை. ஞானஸ்நானப் பெயர்களில் எனக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு என்பதால், அந்தப் பெயர் இல்லாமற் போகவில்லை என்பதை மாமிக்கு விளக்க விரும்பினேன்.

எல்லாவற்றுக்கும் மூலம் எபிரேயப் பெயரான யாக்கோபு. அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவன் என்பதால் அப்பெயர் வந்ததாக ஆதியாகமம் கூறுகிறது. எபிரேயத்தில் குதிகாலுக்குரிய சொல்லோடு அது ஒலியால் நெருங்கியது. கிரேக்கம் வழியாக இலத்தீனுக்குச் சென்று இயாக்கோபுஸ் ஆனபின், பேச்சு வழக்கில் பகரம் மகரமாகத் திரிந்த வடிவமொன்றும் தோன்றியது. இத்தாலியரின் ஜாகோமோவும், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த ஜேம்ஸும் இந்த மகர வடிவத்திலிருந்து பிறந்தவை. பிரெஞ்சுக்காரரின் ஜாக் பழைய வடிவத்தின் வழி வந்தது. ஆங்கில வேதாகமம் முற்பிதாவை ஜேக்கப் என்றும் இயேசுவின் சீடரான அப்போஸ்தலரை ஜேம்ஸ் என்றும் பிரித்துவிட, தமிழ் வேதாகமம் இருவரையும் யாக்கோபு என்றே அழைக்கிறது. இவ்விடத்தில் தமிழே மூலத்துக்கு நேர்மையாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்களுக்கு நெருக்கமான கிளை ஸ்பெயின், போர்த்துக்கல் ஆகிய ஐபீரிய நாடுகளில் வளர்ந்தது. அங்கே இயாகோ என்று சுருங்கிய பெயர், புனிதர் எனப் பொருள்படும் சாந்த் என்னும் அடைமொழியோடு ஒட்டிச் சந்தியாகோ ஆயிற்று. ஒட்டியதைப் போர்த்துக்கேயர் வேறிடத்தில் பிரித்ததால் தியாகோ என்ற தனிப்பெயரும் கிடைத்தது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதன்பின் முப்பது ஆண்டுகூட ஆகாத 1647இல் தெல்லிப்பழைப் பேதுருப்புலவர் சந்தியோகுமையோர் அம்மானையைப் பாடினார். அயல்மொழிப் பெயரொன்று இவ்வளவு விரைவில் அம்மானையின் ஓசைக்குள் அமர்ந்துகொண்டதை நினைக்கும்போதெல்லாம் வியப்பே மேலிடுகிறது. மேலோர், சான்றோர் என்பனபோல மையோரும் ஒரு தமிழ்ச் சொல்லென்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். உண்மையில் அது பெரியவர் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல். அப்போஸ்தலர்களுள் யாக்கோபு என இருவர் இருந்தமையால், செபதேயுவின் மகனைச் சுட்ட அந்த அடைமொழி வேண்டியிருந்தது. கிளாலியில் கோவில் கொண்டிருப்பவரும், குருநகரில் யாகப்பர் என அழைக்கப்படுபவரும் அவரே.

அந்தச் சந்தியாகோவோடு பிள்ளை சேர்ந்ததே சந்தியாப்பிள்ளை. ஆகவே மச்சான் அறிந்தோ அறியாமலோ தம் தாய்வழிப் பாட்டனாரின் பெயரையே மகனுக்கு இட்டிருக்கிறார். மாமி அனைத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இயாகோவையும் ஜாக்கையும் அடுத்தடுத்து ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். இம்முறை கிளாலித் திருவிழாவில் குழந்தைக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்லப்போகிறாராம்.